காரா, சூப்பர் பைக்கா, 15 லட்சத்தில் எது என்று கேட்டவருக்கு

சென்னையில் மென்பொருள் வேலை, வயது 27, கையில் 15 லட்சம் ரூபாய் சேமிப்பு. பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்குவதா, செகண்ட் ஹேண்டில் 600 சிசி சூப்பர் பைக் வாங்குவதா, எது அதிக வேகம், எதில் அதிக சுகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகிக்கொண்டு, ஒரு நாள் பந்தயத்திலும் இறங்க வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வண்டி என்பது உங்கள் கேள்வியில் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகமாக ஓட்டும் திறமை தனக்கு இருக்கிறதா, அதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்பதுதான் மீதிப் பாதி. இரண்டாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதலாவது தானாகவே சுருங்கிவிடும்.

பந்தயக் கார்களைத் தயார்செய்யும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சாதாரணச் சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் சலூன் கார் பிரிவில் ஓட்டியும் இருக்கிறேன். பைக் பந்தயத்தில் இறங்கியதில்லை. அதனால் கார்களைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாகவும், பைக்குகளைப் பற்றிச் சொல்வதைப் பந்தய வண்டிகளைத் தயார்செய்யும் பக்கத்து பிட்டில் நின்று பார்த்தவனின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். சிறிய வண்டியை வாங்குங்கள், மிச்சப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வேகத்தை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

இ.சி.ஆர். பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. உலர்ந்த நல்ல தார்ச்சாலையில், நல்ல டயரோடு, 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 17 மீட்டரில் நிற்கலாம். 120 கி.மீ. வேகத்தில் அதே பிரேக்குக்குச் சுமார் 70 மீட்டர் ஆகும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பெடலுக்குப் போவதற்குள் கழியும் ஒரு வினாடியில் இன்னொரு 33 மீட்டர் ஓடிவிடும். மொத்தத்தில் நூறு மீட்டருக்கும் மேல். காலை ஐந்தரை மணிக்கு இ.சி.ஆரில் நூறு மீட்டருக்குள் என்னவெல்லாம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்கள், எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் மொபெட், மாடு, கோவிலுக்கு நடந்து போகும் கூட்டம். இவர்கள் யாரும் உங்கள் பயிற்சிக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் அல்லர். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். என்னோடு பட்டறையில் வேலை செய்தவர்களுக்கும் வரும். உண்மையாகப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பொதுச்சாலையில் அடக்கமாக ஓட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அந்த நூறு மீட்டரின் கணக்கு அவர்கள் உடம்பில் ஏறியிருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்ற வரி அதில் இருக்கும். இந்த வரி டிராக்குக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உடையும் எதுவும் உங்கள் கைக்காசுதான். சிறிய வண்டி வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமாக ஓட்டுவது என்றால் நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வித்தை முழுவதும் பிரேக்கிலும் வளைவிலும்தான் இருக்கிறது. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போல, ஒரு எல்லைக்குட்பட்டது. முழுவதையும் பிரேக்கில் செலவழித்துவிட்டால் வளைவதற்கு மிச்சம் இருக்காது. புதிதாக டிராக்குக்கு வருகிறவர் செய்வது இதைத்தான். வளைவுக்கு மிகத் தாமதமாக வந்து, பதறி, பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புவார். முன்சக்கரங்கள் திரும்பியிருக்கும், கார் நேராகப் போய்க்கொண்டிருக்கும். பழகியவர் நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிடுவார். பிறகு வளைவுக்குள் நுழைய நுழையப் பெடலிலிருந்து பாதத்தை மெல்ல மெல்ல விடுவிப்பார். எடை முன்சக்கரங்களின் மேல் நிற்கும்வரை கார் கீழ்ப்படிந்து திரும்பும். வளைவின் உட்புற விளிம்பைத் தொட்ட பிறகு ஸ்டியரிங் நேராக நேராக வலது கால் அழுத்தும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால், திறமையான ஓட்டுநரின் கைகளில் பரபரப்பே தெரியாது. நேரம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இந்தப் பாடத்தைக் குறைந்த சக்தியுள்ள வண்டிதான் நன்றாகக் கற்றுத்தரும், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 90 குதிரைத்திறன் உள்ள காரில் ஒரு வளைவில் தவறு செய்து வேகத்தை இழந்தால், அடுத்த நேர்ச்சாலை முழுவதும் அந்த இழப்பு உங்களோடு வரும், எஞ்சினால் அதை மறைக்க முடியாது. 300 குதிரைத்திறன் காரில் தவறு செய்தாலும் எஞ்சின் உங்களைத் தூக்கி விட்டுவிடும். நீங்கள் வேகமாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

நம் ஊரின் கதையே இதற்குச் சாட்சி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் இந்தப் பகுதியின் பந்தயங்கள் பல்லாண்டுகள் நடந்தன. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான தடம் திறக்கப்பட்டது, நீளம் 3.717 கி.மீ., 12 வளைவுகள். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். அந்த எஞ்சின் 800 சிசிதான். சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்தக் காரில்தான், அதுவும் ஸ்ரீபெரும்புதூரில். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகி, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனால் அந்தக் களத்தில் நிற்கும் தகுதியை அவர் சம்பாதித்த பாதை 800 சிசியிலிருந்து தொடங்கியது. சக்தி வாய்ந்த வண்டி இல்லாமல் தொடங்க முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது காரா, பைக்கா. சிக்னலிலிருந்து கிளம்புவதில் பைக்கை வெல்ல முடியாது. 600 சிசி சூப்பர் பைக் சுமார் மூன்றரை வினாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும். உங்கள் பட்ஜெட்டில் வரும் எந்த ஜெர்மன் செடானும் அதன் பக்கத்தில் வராது. ஆனால் உச்சநிலைப் பந்தய வண்டிகளை எடுத்துக்கொண்டு, டிராக்கில் முழுச் சுற்று என்று பார்த்தால் கதை தலைகீழ். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 5.513 கி.மீ. நீளமுள்ள ஒரே தடத்தில் ஃபார்முலா 1 காரும் மோட்டோஜிபி பைக்கும் ஓடுகின்றன. தகுதிச்சுற்றில் கார் 1 நிமிடம் 32 வினாடியில் வருகிறது, பைக்குக்கு 2 நிமிடம் ஆகிறது. காரணம் எளிது. பைக் சாலையைத் தொடுவது உள்ளங்கையளவுள்ள இரண்டே இடங்களில். கடுமையாக பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும், கடுமையாக வேகமெடுத்தால் முன்சக்கரம் தூக்கும். ஃபார்முலா 1 காருக்கு நான்கு சக்கரங்கள், அதோடு காற்றே அதைத் தரையோடு அழுத்துகிறது.

இதை வைத்துக் கார் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பைக்கில் உடம்பே வண்டியின் ஒரு பாகம். வேகத்தில் வலப்பக்கம் சாய வேண்டுமென்றால் வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும் என்பது புத்தியால் புரிந்துகொள்வதற்கும் உடம்பால் நம்புவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடந்தவர்களை நான் மனமார மதிக்கிறேன். எதில் அதிக சுகம் என்ற கேள்விக்கு என் பதில் கார், ஆனால் அது என் ரசனை மட்டுமே. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசனை அல்லாத ஒன்று உண்டு: அதே தவறுக்கு பைக்கில் உடம்பு கொடுக்கும் விலை மிக அதிகம். அதனால் பைக் வேண்டுமென்றால் 150 முதல் 400 சிசிக்குள் தொடங்குங்கள். யமஹா ஆர்15, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்.ஆர். 310, கேடிஎம் ஆர்.சி. 390 ஆகியவை பொம்மைகள் அல்ல. ஆர்15இல் சுமார் 18 குதிரைத்திறன்தான், ஆனால் அதை இருங்காட்டுக்கோட்டையில் எல்லைக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவர், பெரிய பைக்கில் வந்து தயங்கித் தயங்கி ஓட்டுகிறவரை வளைவுக்கு வளைவு நெருங்குவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு நடைமுறை விஷயம், 600 சிசி எஞ்சினின் வெப்பம் மே மாதத்தில் கிண்டி சிக்னலில் உங்கள் தொடைகளுக்கு நன்றாகவே தெரியும்.

கார் என்றால் நல்ல நிலையில் உள்ள ஸ்விஃப்ட் அல்லது டர்போ பெட்ரோல் எஞ்சின் வைத்த போலோ. போலோ இந்தியாவில் 2022இல் நின்றுபோனாலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. எடை குறைவு, பாகங்கள் கிடைக்கும், சென்னையில் இவற்றை நன்கு அறிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட பத்து வருடப் பழைய ஜெர்மன் செடானை நேரில் பார்க்காமல் மோசம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் புதிதில் அறுபது லட்சம் விற்ற கார் பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைக்கலாம், அதன் உதிரிபாகங்கள் அறுபது லட்சக் காரின் விலையிலேயே இருக்கும். வாங்கும் விலையை மட்டும் கணக்கில் வைத்து இறங்கியவர்கள், டர்போவோ கியர்பாக்ஸோ போனதும் காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் வடிவமைக்கப்படவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எந்தப் பழைய காரை வாங்கினாலும் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். தாழ்வாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் செடானுக்குள்தான் தண்ணீர் முதலில் நுழையும். வெளியே பாலிஷ் பளபளக்கும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முன் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி அரை அடியில் செம்மண் கோடோ பூஞ்சைக் கறையோ இருந்தால் விஷயம் முடிந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைத் தடவிப் பாருங்கள், துரு விரலில் ஒட்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் வண்டல் படிந்திருக்கும். காரைக் கழுவி விற்கிறவர்கள் இந்த மூன்று இடங்களையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கம்பியிணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் காரின் மின்சாரக் கோளாறுகளுக்கு முடிவே இருக்காது.

வாங்கிய பிறகு குதிரைத்திறனைக் கூட்ட முதல் ரூபாயைச் செலவழிக்காதீர்கள். எஞ்சின் கணினியை மாற்றி எழுதுவது, பெரிய சைலன்சர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் வெயிலில் நின்ற ரப்பர் கெட்டிப்பட்டுப் பிடிப்பை இழந்திருக்கும். அடுத்து பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, கடலோரச் சென்னையின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். நகரத்தில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிராக்கில் நாலைந்து சுற்றுகள் கடுமையாக ஓட்டினால் எண்ணெய் கொதித்து, குழாய்க்குள் ஆவி நிரம்பி, பெடல் தரைவரை போய்விடும். இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவை எல்லோரும் சி1 என்பார்கள், நேர்ச்சாலையின் முழு வேகத்தோடு வந்து சேரும் இடம். பெடல் தரையைத் தொடுவதை அங்கே கண்டுபிடிக்கக் கூடாது. சில நூறு ரூபாய் எண்ணெய், ஒரு மணி நேர வேலை. டிராக்குக்குப் போகும் முன் தவறாமல் மாற்றிவிடுங்கள்.

டிராக் என்றால் ஆபத்தில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2023இல் அதே தடத்தில் உயிரிழப்புகள் நடந்தன, அவர்களில் ஒருவன் 13 வயதுச் சிறுவன், பைக் பந்தயத்தில். அந்தச் செய்திக்குப் பிறகு எங்களில் பலருக்குப் பல நாள் தூக்கமில்லை. பிள்ளைகளை எந்த வயதில், எந்த வண்டியில் இறக்குவது என்பதில் நம் பந்தய உலகம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் அங்கே எதிரே லாரி வராது, எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள், வளைவுக்கு வெளியே தப்பிக்க இடம் இருக்கும், கொடி பிடித்த மார்ஷல்களும் ஆம்புலன்சும் தயாராக நிற்பார்கள். வேகத்துக்கு இதைவிட நியாயமான இடம் நம் ஊரில் இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலத்தின் அருகே, இரவு விளக்கில் நடந்த தெருப் பந்தயம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அரசு இதற்குச் செலவழிக்கலாமா என்ற விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. என்னைப் பொறுத்தவரை, அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிற பையன் பந்தயக் காரைக் கண்ணெதிரே பார்த்தது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பையன் மறுநாள் எங்கே போய் ஓட்டிப் பழகுவான் என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா 1 நடந்து நின்றுபோனதைப் பார்த்தோம். வீரர்களை உருவாக்குவது வருடம் முழுவதும் நடக்கும் சிறிய பந்தயங்கள்தான்: எல்லோரும் ஒரே மாடலில் ஓட்டும், டிவிஎஸ் நடத்தும் ஒரே வகை பைக் பந்தயம், எல்.ஜி.பி. ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைக் கார் பந்தயம், சலூன் பிரிவுகள்.

கடைசியாக உங்கள் வயது. ஃபார்முலா 1 கனவுக்கு 27 தாமதம்தான், அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சிறு வயதிலேயே கார்ட்டிங் எனும் குட்டிக் கார் பந்தயத்தைத் தொடங்கியவர்கள். ஆனால் தேசிய அளவிலான ஒரே வகைப் பந்தயத்துக்கோ சலூன் பிரிவுக்கோ 27 நல்ல வயது. 1971இல் பிறந்த அஜித் குமார் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாவில் ஓட்டியது 2003இல், ஃபார்முலா 2இல் ஓட்டியது 2010இல். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது அவருக்கு 53 வயது. அவருக்கிருந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பது உண்மை. உடம்பும் மனமும் தயாராக இருந்தால் வயது தடையில்லை என்பதும் உண்மை.

ஆகவே 15 லட்சத்தைத் தொடுவதற்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தய வாரம் முழுவதும் பார்வையாளராக இருங்கள், ஏதாவது ஒரு வளைவருகே நின்று யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிறகு அங்கே நடக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அவர்கள் வண்டியிலேயே ஓட்டுங்கள். பைக்கில் நாட்டமென்றால் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இந்தத் தடத்துக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. பயிற்சியை முடித்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பந்தயத்திலும் இறங்க முடியாது. வண்டியை அப்போது வாங்கலாம். முதல் நாள் போகும்போது மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள், தடித்த ஓட்டப்பயிற்சி ஷூவில் பெடலின் அழுத்தம் காலுக்குத் தெரியாது.